மருந்து கரைந்த நீரும் மின்வேதி வடிப்பும்

ஐதராபாத்து நகருக்கு வடமேற்கே பட்டான்செரு என்னும் தொழிற்பகுதி இருக்கிறது. மாத்திரைகளுக்கும் ஊசிகளுக்கும் வேண்டிய மூலமருந்துகளைச் செய்யும் ஆலைகள் அங்கே நெருங்கி நிற்கின்றன. அவற்றுள் ஏறத்தாழ 90 ஆலைகளின் கழிவுநீர் ஒரே பொது நிலையத்தில் சேர்ந்து, தூய்மை செய்யப்பட்டு, நாளொன்றுக்கு 1500 கனமீட்டர் அளவில் வெளியேறிக்கொண்டிருந்தது. அவ்வாறு வெளியேறிய நீரைச் சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க்குப் பல்கலைக்கழகத்து அறிஞர் யோவாக்கிம் லார்சனும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து, 2007ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஒரு லிட்டர் நீரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோபிளாக்சசின் இருந்தது. இம்மருந்தை விழுங்கிய நோயாளியின் குருதியில் அது எட்டும் உச்ச அளவே லிட்டருக்கு இரண்டு முதல் நான்கு மில்லிகிராம்தான். நோயை முறிக்கப் போதுமான அளவினும் பன்மடங்கு மருந்து, நோயாளி எவரும் இல்லாத ஓடையில் கலந்துகொண்டிருந்தது. ஒரு நாளில் வெளியேறிய அம்மருந்தின் எடை ஏறத்தாழ 45 கிலோ. அன்றைய சுவீடனின் 90 இலட்சம் மக்கள் ஐந்து நாள்களில் உட்கொண்ட அளவுக்கு அது ஈடாகும். அப்பகுதியின் ஏரிகளிலும் ஊர்க் கிணறுகளிலும்கூட மருந்துகள் கலந்திருந்ததை 2009இல் வெளியான அடுத்த ஆய்வு காட்டிற்று.

மருத்துவர்கள் ஆன்டிபயாட்டிக் என்று எழுதித்தரும் நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து நீரில் கலப்பது, ஈயமோ பாதரசமோ கலப்பதினின்று வேறானது. ஈயம் தன்னைக் குடித்தவரை நேரே நலிவிக்கும். எதிர்ப்பி மருந்தோ நீரில் வாழும் எண்ணிறந்த பாக்டீரியாக்களைப் பிரித்தெடுக்கிறது. மருந்துக்கு அடங்குபவை மடிகின்றன. அடங்காதவை பிழைத்து, காலியான இடத்தையெல்லாம் நிரப்புகின்றன. அதனோடும் நில்லாமல், அடங்காமைக்குரிய மரபணுவை இனம் கடந்து பிற பாக்டீரியாக்களுக்கும் அவை கைமாற்றுகின்றன. ஓடையில் தீங்கின்றித் திரியும் ஒரு பாக்டீரியா பெற்ற திறன், பின்னொரு நாள் மனிதரின் குடலில் வாழும் நோய்க்கிருமிக்குப் போய்ச் சேரலாம்.

இதற்குப் பெரிய அளவில் மருந்து வேண்டியதில்லை என்பதே கவலைக்குரிய செய்தி. பாக்டீரியாவின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான அளவில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான மருந்தே அடங்காத வகைக்கு முன்னிலையைத் தந்துவிடுகிறது என்று உப்சாலா பல்கலைக்கழகத்தினர் 2011இல் காட்டினர். 2016இல் லார்சனும் அவருடன் பணியாற்றிய யோவான் பெங்சன்-பால்மேயும் ஒவ்வொரு மருந்துக்கும் எந்த அளவைத் தாண்டினால் இவ்வாறான தேர்வு நிகழக்கூடும் என்று கணித்துப் பட்டியலிட்டனர். சிப்ரோபிளாக்சசினுக்கு அவர்கள் வகுத்த எல்லை லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராம். பட்டான்செருவில் கண்ட அளவு இவ்வெல்லையைப் போல ஏறத்தாழ ஐந்து இலட்சம் மடங்கு.

அந்நிலையத்தின் உள்ளே நிகழ்ந்ததும் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஆலைக் கழிவை மட்டும் ஊற்றினால் தூய்மை செய்யும் நுண்ணுயிரிகள் வாழா. ஆதலால் மக்களின் வீட்டுக் கழிவுநீரும் அதனுடன் சேர்க்கப்பட்டது. மனிதக் குடலிலிருந்து வந்த பாக்டீரியாக்களும் செறிந்த மருந்தும் ஒரே தொட்டியில் நாள்கணக்கில் ஒன்றாக இருந்தன. அங்கிருந்து பிரித்தெடுத்த 93 பாக்டீரிய வகைகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வின்படி, அவற்றில் 86 விழுக்காடு இருபதோ அதற்கும் மேற்பட்டதோ ஆன எதிர்ப்பி மருந்துகளுக்கு அடங்கவில்லை. கழிவைத் தூய்மை செய்ய எழுப்பிய தொட்டியே அடங்காமையை வளர்க்கும் களமாயிற்று. கெடுநோக்கு எவருக்கும் இருந்திருக்க வேண்டியதில்லை. கழிவுநீரின் உயிர்வளித் தேவையையும் கலங்கலையும் அளக்கப் பழகிய பொறியியல், மருந்தை அளக்கவில்லை, அவ்வளவே.

நீர்வழிப் பரவல் என்பது வெறும் அச்சமன்று. என்டிஎம்-1 என்னும் மரபணு, மருத்துவத்தின் கடைசிக் கருவிகளுள் ஒன்றான கார்பபீனம் வகை மருந்துகளையும் செயலற்றவையாக்கும் நொதியைத் தருவது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குமாரசாமி கார்த்திகேயன் முதலாசிரியராக இருந்து 2010இல் வெளியான ஆய்வு, அம்மரபணுவைச் சென்னையில் 44 மாதிரிகளிலும் அரியானாவில் 26 மாதிரிகளிலும் கண்டது. மறு ஆண்டே தில்லியின் தெருவோர நீரில் எடுத்த 171 மாதிரிகளில் 51லும், குழாய்நீரில் எடுத்த 50 மாதிரிகளில் இரண்டிலும் அதே மரபணு இருப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர் அறிவித்தனர். 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 12.7 இலட்சம் பேர் மருந்துக்கு அடங்காத பாக்டீரியத் தொற்றினால் நேரடியாக இறந்தனர் என்பது 2022இல் இலான்செட்டு இதழ் வெளியிட்ட மதிப்பீடு.

ஆலை மட்டுமே ஊற்றுக்கண் அன்று. நாம் விழுங்கும் சிப்ரோபிளாக்சசினில் பாதிக்கு அருகான பங்கு மாறாமல் சிறுநீரில் வெளியேறுகிறது. மனிதர் உட்கொண்டபின் ஆறுகளில் சேரும் எதிர்ப்பி மருந்து ஆண்டுக்கு 8500 டன் என்று 2025இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. கால்நடைப் பண்ணைகளின் பங்கு இதில் சேராது. ஆயினும் உலகம் முழுவதும் மெலிதாய்ப் பரந்து கிடப்பது வேறு. ஒரு குழாயின் வாயில் மில்லிகிராம் கணக்கில் செறிந்து நிற்பது வேறு. பின்னதைத்தான் கையால் தடுக்க முடியும். இக்கட்டுரை அதைப் பற்றியே.

பழகிய முறைகள் இங்கே ஏன் தடுமாறுகின்றன? மருந்து மூலக்கூறு மிகச் சிறியது. வடிதாளிலும் மணற்படுகையிலும் தங்காது. நுண்ணுயிர்த் தொட்டியில் பென்சிலின் இனத்து மருந்துகள் ஓரளவு எளிதில் சிதையும். சிப்ரோபிளாக்சசின் சிதையாமல் கசட்டில் ஒட்டிக்கொள்ளும். கசடு வயலுக்குப் போனால் மருந்தும் போகும். கிளர்வூட்டிய கரி மருந்தைப் பிடித்து வைக்கும், ஆனால் அழிக்காது. எதிர்ச்சவ்வூடுபரவல் ஒரு பக்கம் தெளிந்த நீரைத் தந்து, மறுபக்கம் முன்னினும் செறிந்த மருந்துநீரை விட்டுவைக்கும். இவை இரண்டும் நஞ்சை இடம் மாற்றுபவை. ஓசோன் மெய்யாகவே மருந்தைச் சிதைப்பது; சுவிட்சர்லாந்து தன் நகரக் கழிவுநீர் நிலையங்கள் பலவற்றில் அதைப் பயன்படுத்திவருகிறது. ஆனால் ஓசோனை ஆக்கத் தனிப் பொறி வேண்டும், வளியை நீரில் கரைக்க வேண்டும், எஞ்சியதை அழிக்க வேண்டும். இத்தனையும் இன்றி, மின்னோட்டத்தை மட்டும் கொண்டு நீரையே படைக்கலமாக்கும் வழிதான் மின்வேதி வடிப்பு.

நீரில் இரண்டு மின்வாய்களை அமிழ்த்தி மின்னழுத்தம் கொடுத்தால், நேர்மின்வாய் தன்னைத் தொடும் பொருள்களிடமிருந்து எதிர்மின்னிகளைப் பறிக்கும். மருந்து மூலக்கூறு அதன் பரப்பைத் தொட்டால் அதனிடமிருந்தே பறிக்கும், இது நேர்வழி. நீர் மூலக்கூறிடமிருந்து ஓர் எதிர்மின்னியைப் பறித்தால் ஐதராக்சில் தனியுறுப்பு பிறக்கும், இது மறைவழி. ஓர் உயிர்வளி அணுவும் ஒரு நீரக அணுவும் இணைந்த அச்சிறு துண்டு, இழந்த எதிர்மின்னியை எங்கிருந்தேனும் பெற்றுவிடத் துடிப்பது. நீரில் நாம் உண்டாக்கக்கூடிய உயிர்வளியேற்றிகளுள் மிக வலியவற்றுள் ஒன்று. பெரும்பாலான கரிமச் சேர்மங்களின் பிணைப்பை அது அறுக்கும். அதன் வாழ்நாளோ நொடியின் நூறுகோடியில் சில பங்கு முதல் சற்றே கூடுதல் வரை. பிறந்த இடத்திலிருந்து ஒரு மைக்ரோமீட்டர் தொலைவைக் கடக்குமுன்பே எதனுடனேனும் வினைபுரிந்து மறைந்துவிடும்.

இம்முறையின் வலிமையும் வரம்பும் இந்த ஒரு மைக்ரோமீட்டரில் அடங்கியுள்ளன. தனியுறுப்பு மருந்தைத் தேடிப் போகாது. மருந்துதான் அது பிறக்கும் பரப்புக்கு வந்து சேர வேண்டும். பழைய மின்வேதிக் கலன்களில் தட்டையான தகடுகள் எதிரெதிரே நிற்கும், நீர் இடையே ஓடும். ஆற்றின் நடுவே வெள்ளம் பாய்ந்தாலும் கரைப் பாறையை ஒட்டிய நீர் அசையாதிருப்பதுபோல், தகட்டை ஒட்டியும் ஓர் அசையா நீர்ப்படலம் நிற்கிறது. அதன் தடிமன் ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டர். அப்படலத்தை மருந்து மூலக்கூறு கடப்பது விரவலால் மட்டுமே, அதாவது வெப்ப அசைவில் அங்குமிங்கும் தள்ளுண்டு தானாக நகர்வதால் மட்டுமே. சிப்ரோபிளாக்சசின் அளவுள்ள மூலக்கூறு 100 மைக்ரோமீட்டரைக் கடக்கப் பத்து நொடி அளவில் ஆகும். அதற்குள் மின்வாய் தன் ஆற்றலை நீரைப் பிளந்து உயிர்வளிக் குமிழிகளை உண்டாக்குவதில் செலவழித்துவிடும். மருந்தின் செறிவு குறையக் குறைய இந்த வீண் கூடுகிறது. கழிவுநீரின் கடைசிப் பங்கு மருந்தை அகற்றுவதுதான் அடங்காமையைத் தடுக்கும். தகட்டு மின்வாய் கைவிரிப்பதும் அங்கேதான்.

வடிப்பான் இங்கே நுழைகிறது. மின்வாயையே துளைகள் நிறைந்த படலமாகச் செய்து, நீரை அதன் ஓரமாக ஓடவிடாமல் அதனூடே அழுத்திச் செலுத்தினால் என்ன ஆகும்? துளையின் அகலம் ஓரிரு மைக்ரோமீட்டராயின், உள்ளே நுழைந்த எந்த மூலக்கூறும் துளைச்சுவரிலிருந்து ஒரு மைக்ரோமீட்டருக்கு மேல் விலகியிருக்க இயலாது. விரவலுக்கு ஆகும் நேரம் தொலைவின் இருமடிக்கேற்ப மாறும். தொலைவு நூறில் ஒன்றானால் நேரம் பத்தாயிரத்தில் ஒன்றாகும்: பத்து நொடி, ஆயிரத்தில் ஒரு நொடியாய்ச் சுருங்கும். நீர் படலத்தைக் கடந்து வெளியேறுவதற்குள் ஒவ்வொரு மூலக்கூறும் சுவரைப் பலமுறை தொட்டுவிடும். மின்வேதியியலில் புதிதாக எந்த விதியும் இங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. நீர் செல்லும் திசை மாறியது. இவ்வளவு எளிய மாற்றம் இவ்வளவு பெரிய பயன் தருவது அறிவியலில் அடிக்கடி வாய்ப்பதன்று என்பதால்தான் இதை இத்தனை நீட்டிச் சொல்கிறேன்.

இவ்வெண்ணத்தை நடைமுறையில் காட்டியவர்களுள் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சாடு வெசிட்டிசு முன்னோடி. கரிம நுண்குழல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிய மெல்லிய பாயொன்றை அவர் குழுவினர் நேர்மின்வாயாக்கினர். 2011இல் இவ்வடிப்பான் கொண்டு சாயங்களைச் சிதைத்தனர், தீநுண்மிகளைச் செயலிழக்கச் செய்தனர். மின்னழுத்தம் இரண்டு மூன்று வோல்ட்டு, நீர் உள்ளே தங்கும் நேரம் ஓரிரு நொடி. 2015இல் டெட்ராசைக்ளின் என்னும் எதிர்ப்பி மருந்தைச் சிதைப்பதையும் இதே வகை வடிப்பானில் ஆராய்ந்து வெளியிட்டனர். கரிமப் பரப்பு மருந்து மூலக்கூறின் தட்டையான வளையங்களை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை மின்னோட்டம் அவ்விடத்திலேயே உடைக்கும். பரப்பு மீண்டும் காலியாகும். நிறைந்தால் தூக்கியெறிய வேண்டிய கரியைப் போலன்றி, தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் வடிப்பான் இது.

ஆனால் கரிமம் கரிமமே. மின்னழுத்தம் உயர்ந்தால் மருந்தோடு சேர்ந்து வடிப்பானும் அரிக்கப்படும். ஐதராக்சில் தனியுறுப்பு மிகுதியாகப் பிறக்க வேண்டுமாயின் உயர்ந்த அழுத்தத்தைத் தாங்கும் பொருள் வேண்டும். போரான் ஊட்டிய வைரப்படலம் அத்தகையது. திறத்தில் அதற்கு நிகர் அரிது, விலையிலும் அவ்வாறே. அதைத் துளைப்படலமாகச் செய்வதும் கடினம். இன்னொன்று டைட்டானியத்தின் ஓர் ஆக்சைடு. வெண்சாயத்துக்குப் பயன்படும் டைட்டானியம் ஈராக்சைடை நீரக வளியில் ஏறத்தாழ 1000 பாகை செல்சியசில் சுட்டால், அது தன் உயிர்வளியில் சிறு பங்கை இழந்து, நான்கு டைட்டானிய அணுவுக்கு ஏழு உயிர்வளி அணு என்னும் விகிதத்தை அடையும். வெள்ளைத் தூள் கருநீலமாகும். மின்கடத்தாப் பொருள் மின்கடத்தியாகும். இவ்வகை ஆக்சைடுகளின் கட்டமைப்பை ஆராய்ந்த சுவீடன் வேதியியலார் ஆர்னே மாக்னேலியின் பெயரால் இவை அழைக்கப்படுகின்றன. சிகாகோவின் இல்லினாய்சுப் பல்கலைக்கழகத்தில் பிரையன் சாப்லினும் அவர் குழுவினரும் இப்பொருளாலான துளைக்குழாய்களை வினைபுரி மின்வேதிப் படலமாகப் பயன்படுத்தி 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். சுடுமண் போன்ற உறுதி, அரிப்புக்கு அசையாமை, மலிவான மூலப்பொருள் ஆகிய மூன்றும் கூடிய பொருள் இது. ஆலையளவில் எது நிலைக்கும் என்று கேட்டால், என் தேர்வு கரிம நுண்குழல் அன்று, இந்தக் கருநீல ஆக்சைடே.

மூலக்கூறு எவ்வாறு சிதைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சிப்ரோபிளாக்சசினுக்கு மூன்று முதன்மை உறுப்புகள்: நடுவே பாக்டீரியாவின் நொதியோடு பிணையும் குயினலோன் இரட்டை வளையம், ஒரு பக்கம் பைப்பரசின் என்னும் நைட்ரசன் வளையம், அதனருகே இரட்டை வளையத்தில் ஒட்டிய ஒரு புளோரின் அணு. தாக்குதல் பெரும்பாலும் பைப்பரசின் வளையத்தில் தொடங்கும். அவ்வளையம் திறந்துகொண்டவுடன் வேதியியலாரின் கருவியில் சிப்ரோபிளாக்சசினின் குறி மறைந்துவிடும்; நூறு விழுக்காடு அகற்றினோம் என்று எழுதிவிடலாம். ஆனால் நடுவளையம் உடையாதவரை, பாக்டீரியாவைத் தாக்கும் திறனில் ஒரு பங்கு எஞ்சியிருக்கக் கூடும். மருந்தின் பெயர் மறைந்ததா என்பதைவிட, வெளியேறும் நீரில் ஓர் ஆய்வகப் பாக்டீரியா தடையின்றி வளர்கிறதா என்பதே முறையான தேர்வு. ஆய்வேடுகள் பல முதலாவதை மட்டும் சொல்லி நின்றுவிடுகின்றன. இது திருத்தப்பட வேண்டிய குறை. புளோரைடு அயனி நீரில் வெளிப்படுவதை அளப்பது இன்னொரு நல்ல சான்று. புளோரின் அணு கரிமத்தினின்று பிரிந்தால்தான் அவ்வயனி தோன்றும். அதிலும் ஒரு கணக்கு உண்டு. லிட்டருக்கு 31 மில்லிகிராம் சிப்ரோபிளாக்சசின் முற்றிலும் சிதைந்தால் ஏறத்தாழ 1.8 மில்லிகிராம் புளோரைடு வெளிப்படும். குடிநீருக்கு இந்தியத் தரம் ஒப்பும் மேல் எல்லையோ 1.5 மில்லிகிராம். செறிந்த கழிவைச் சிதைப்பவர் இதையும் கருத வேண்டும்.

இனி இடர்கள். முதலாவது உப்பு. கழிவுநீரில் குளோரைடு இல்லாமல் இராது. நேர்மின்வாயில் அது குளோரினாகும். குளோரினும் மருந்தைத் தாக்கும் என்பதால் இது நன்மைபோல் தோன்றும். ஆனால் குளோரின் கரிமத்தோடு இணைந்து புதிய நச்சுச் சேர்மங்களைப் பிறப்பிக்கும். வலிய நேர்மின்வாயில் குளோரைடு படிப்படியாகக் குளோரேட்டாகவும், இறுதியில் பெர்குளோரேட்டாகவும் மாறும். பெர்குளோரேட்டு தைராய்டுச் சுரப்பி அயோடினை ஏற்பதைத் தடுப்பது; நீரில் எளிதில் சிதையாதது. ஒரு நஞ்சை அழிக்கப்போய் இன்னொன்றைச் சமைக்கக் கூடாது. வைரமும் மாக்னேலி ஆக்சைடும் தனியுறுப்பை மிகுதியாகத் தருபவை. ஆகவே இவ்விடரும் அவற்றில் மிகுதி. ரூத்தீனிய ஆக்சைடு பூசிய டைட்டானிய மின்வாய்கள் குளோரினோடு நின்றுவிடும் இயல்புடையவை. ஆனால் மருந்தை அடிவரை சிதைக்கும் வலிமை அவற்றுக்குக் குறைவு. எந்த நீருக்கு எந்த மின்வாய், எவ்வளவு அழுத்தம் என்பதை அந்நீரின் குளோரைடு அளவைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பைகார்பனேட்டும் இயற்கைக் கரிமப் பொருள்களும் தனியுறுப்பை இடைமறித்து விழுங்குபவை. சுண்ணாம்பு மிக்க நீராயின் எதிர்மின்வாயில் படிவு கட்டி, துளைகள் அடைபடும். இதற்கு எளிய மருந்துண்டு: சிறிது நேரம் மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் படிவு கரைந்து கழலும். அடைப்பு என்பது எல்லா வடிப்பான்களுக்கும் தலைவலி; தன் பரப்பைத் தானே மின்னால் கழுவிக்கொள்ளும் வடிப்பானுக்கு அது சற்றுக் குறைந்த தலைவலி.

பாக்டீரியாவைக் கொல்வதோடு வேலை முடிவதில்லை என்பதும் நினைவிலிருக்க வேண்டும். இறந்த பாக்டீரியாவிலிருந்து சிதறும் மரபணுத் துண்டை உயிருள்ள மற்றொன்று எடுத்துக்கொள்ள முடியும். கொல்லாமல் நலிவிக்கும் அளவில் மட்டும் உயிர்வளியேற்றிகளைத் தந்தால், மரபணுக் கைமாற்றம் கூடுவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. அரைகுறையாக இயக்கிய மின்வடிப்பான், இல்லாத வடிப்பானைவிடத் தீங்காகலாம். மின்சாரச் செலவை மிச்சம்பிடிக்க அழுத்தத்தைக் குறைத்து ஓட்டும் பழக்கம் எந்த ஆலையிலும் நிகழக்கூடியதே.

அந்தச் செலவையும் கணக்கிட்டுப் பார்ப்போம். சிப்ரோபிளாக்சசின் மூலக்கூறு ஒன்று கரியமில வளியும் நைட்ரேட்டும் புளோரைடுமாக முற்றிலும் சிதைய 94 எதிர்மின்னிகளை இழக்க வேண்டும். பட்டான்செருவில் கண்ட 31 மில்லிகிராம் அளவை எடுத்துக்கொண்டால், லிட்டருக்கு ஏறத்தாழ 850 கூலும் மின்னூட்டம் ஆகும். ஐந்து வோல்ட்டு அழுத்தத்தில் இது ஒரு கனமீட்டர் நீருக்கு 1.2 அலகு மின்சாரம். மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்கே பயன்பட்டாலும் 12 அலகு. மருந்து ஆலைக்கு இது தாங்கமுடியாத செலவன்று. ஆனால் அந்நீரில் மருந்து மட்டும் இல்லை. 31 மில்லிகிராம் மருந்தை எரிக்க வேண்டிய உயிர்வளி 70 மில்லிகிராம் அளவே. மருந்தாலைக் கழிவிலுள்ள கரைப்பான்களும் பிற கரிமப் பொருள்களும் கேட்கும் உயிர்வளியோ லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம். எல்லாக் கழிவும் கலந்தபின் மின்வடிப்பானை வைத்தால், செலுத்தும் மின்சாரத்தின் பெரும்பங்கு கரைப்பான்களை எரிக்கவே போகும்.

ஆகவே வடிப்பான் எங்கே நிற்கிறது என்பதே முதன்மையான முடிவு. ஆற்றங்கரையில் அன்று, 90 ஆலைகளின் நீர் கலக்கும் பொது நிலையத்திலும் அன்று. எதிர்ப்பி மருந்தைப் படிகமாக்கிப் பிரித்தபின் எஞ்சும் தாய்நீர்மமும், அக்கலன்களைக் கழுவிய நீரும் தனிக்குழாயில் வரும் இடத்திலேயே, வீட்டுக் கழிவோடு சேருமுன், அது நிற்க வேண்டும். அங்கே அளவு சிறிது, மருந்து செறிவு, உப்பு மிகுதியால் மின்கடத்துத்திறனும் போதுமானது. கரைப்பான்களை முதலில் காய்ச்சி மீட்டுவிட்டு, தேவையாயின் நானோவடிப்புச் சவ்வால் மருந்தை மேலும் செறிவாக்கி, அதன்பின் மின்னால் சிதைக்கலாம். மருந்தின் தாக்கும் திறனை முறித்த நீரை நுண்ணுயிர்த் தொட்டிக்கு அனுப்பினால், மூலக்கூறின் உடைந்த துண்டுகளை அங்குள்ள உயிர்கள் குறைந்த செலவில் உண்டு முடிக்கும், அடங்காமையும் வளராது. கடைசி அணுவரை மின்சாரத்தாலேயே எரிக்க வேண்டும் என்னும் பிடிவாதம் தேவையற்றது. பெரிய மருத்துவமனைகளின் தொற்றுநோய்ப் பிரிவுக் கழிவுநீருக்கும் இவ்வொழுங்கு பொருந்தும்.

இதற்கு வேண்டிய அறிவு இந்நாட்டில் இல்லாமல் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் உருபாயும் கொடையளிக்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடியின் நடுவண் மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், டைட்டானியத்தின் மேல் ஆக்சைடு பூசிய கரையாத நேர்மின்வாய்களை உருவாக்கி, குளோரின் ஆக்கும் தொழிலுக்கு அளித்தது. மின்வாய் செய்யும் கைத்திறன் இங்கே இரண்டு தலைமுறைக்கு மேல் பழையது. மருந்து ஆலைகளோ தெலங்கானத்திலும் ஆந்திரத்திலும் இமாச்சலத்தின் பத்தி நகரிலும் குவிந்துள்ளன. இவ்விரண்டையும் இணைக்க ஆலைக்கு ஒரு கட்டாயம் வேண்டும். ஆய்வேடுகள் எத்தனை வந்தாலும் அக்கட்டாயத்தைத் தாரா.

அக்கட்டாயம் கைக்கு எட்டி வழுவிப்போனது. நடுவண் அரசு 2020 சனவரியில் வெளியிட்ட வரைவு விதிகளில், நூற்றுக்கு மேற்பட்ட எதிர்ப்பி மருந்துகளுக்கு ஆலைக் கழிவுநீரில் எவ்வளவு எஞ்சலாம் என்னும் எல்லைகள் எண்ணாகவே குறிக்கப்பட்டிருந்தன. உலகில் எந்த நாடும் அதுவரை செய்யத் துணியாத செயல் அது. 2021இல் இறுதி விதிகள் வெளிவந்தபோது அவ்வெல்லைகள் அதில் இல்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2024 செப்தெம்பரில் எதிர்ப்பி மருந்து ஆலைகளின் கழிவு குறித்து வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆயினும் நெறி வேறு, சட்டம் வேறு. ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டில் திருத்திய நகரக் கழிவுநீர்ச் சட்டத்தில், நுண்மாசுகளை அகற்றும் கூடுதல் தூய்மைப்பணிச் செலவில் 80 விழுக்காட்டுக்குக் குறையாத பங்கை மருந்து நிறுவனங்களும் ஒப்பனைப்பொருள் நிறுவனங்களும் ஏற்க வேண்டும் என்று வகுத்தது. மருந்தை விற்று வருவாய் பெறுவோர் அம்மருந்து கலந்த நீரைத் தூய்மை செய்யும் செலவையும் ஏற்பது முறையே. அங்கே முறையானது இங்கே முறையற்றதாகாது.

2021இல் நீக்கப்பட்ட அந்த எல்லைகளை நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் மீண்டும் விதியில் சேர்க்க வேண்டும். பொது நிலையத்தின் வாயிலில் அல்லாமல், ஒவ்வோர் ஆலையின் குழாய் வாயிலும் மாதந்தோறும் மருந்தின் அளவையும், அந்நீர் பாக்டீரியாவைத் தாக்கும் திறனையும் அளந்து மக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும். எல்லை எண்ணாக எழுதப்படும் நாளில், மின்வடிப்போ ஓசோனோ வேறொன்றோ, தகுந்த முறையை ஆலைகளே தேடி வாங்கும்.